இதய அறுவைக்குப் பின் எழும் அழற்சியும் கொழுப்பு அமிலங்களும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

முன்னுரை

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். அந்தச் சிரசுக்கும் குருதி அனுப்பிக் காப்பது, மூடிய கை அளவே உள்ள இதயம். நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறை, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அது துடிக்கிறது. ஒழுங்காகத் துடிக்கும் வரையில் அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. சென்ற ஆண்டு தை மாதம் வரை நானும் நினைத்ததில்லை.

என் தந்தையார் திண்டுக்கல்லில் ஓர் எண்ணெய் மில்லில் கூலி வேலை பார்ப்பவர். கடலை மூட்டை சுமப்பதும், செக்கில் பருப்பைக் கொட்டுவதும், புண்ணாக்கை அள்ளிக் கட்டுவதும் அவர் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தந்தைக்கு நெஞ்சுவலி கண்டு, மதுரையில் ஒரு மருத்துவமனையில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் பைபாஸ் அறுவை நடந்தது. அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆனால் மூன்றாம் நாள் விடியற்காலையில் நாடி தாறுமாறாக ஓடத் தொடங்கியது. உடம்பும் சுட்டது. "ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே அழற்சி இருக்கும். அதில் சிலருக்கு இதயத்தின் மேலறை இப்படி நடுங்கும். மருந்து கொடுத்திருக்கிறோம், பயப்படாதீர்கள்" என்றார் பணியில் இருந்த டாக்டர்.

வெளி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அம்மா, "எண்ணெயைப் பாத்து ஊத்தியிருக்கணுமோ தாயி?" என்று என்னைக் கேட்டார். திருப்பூரிலிருந்து வந்திருந்த மாமா பையிலிருந்து ஒரு மீன் எண்ணெய் மாத்திரைப் புட்டியை எடுத்தார். "இதுல ஒமேகா இருக்காம் பாப்பா. அழற்சிய அமத்திரும்னு சொல்லிக் குடுத்தாங்க. நீ சயின்ஸ் படிக்கிற புள்ள. குடுக்கலாமா, வேணாமா, நீயே சொல்லு" என்றார். அதன் விலை அப்பாவின் ஒரு வாரக் கூலிக்கு மேல். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

எண்ணெயின் அயோடின் எண்ணும் சோப்பாக்கும் எண்ணும் எனக்குத் தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆயினும் அன்று கேட்கப்பட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அதன் பிறகு நூலகத்திலும், நம் துறைப் பேராசிரியர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையே இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன்.

இதய அறுவை வளர்ந்த வரலாறு

துடிக்கும் இதயத்தைத் திறந்து தைப்பது இயலாது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இதயத்தை நிறுத்தினால் மூளை சில நிமிடங்களில் மடிந்துவிடும். இத்தடையை நீக்கியது இதய–நுரையீரல் எந்திரம். உடலிலிருந்து வரும் கருங்குருதியை வெளியே எடுத்து, அதில் ஆக்சிஜனைக் கலந்து, மீண்டும் உடலுக்குள் செலுத்துவது இதன் பணி. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டாக்டர் ஜான் கிப்பன் 1953 மே 6 அன்று இதன் துணையுடன் 18 வயதுப் பெண் ஒருவரின் இதயத்தில் இருந்த ஓட்டையை வெற்றிகரமாக அடைத்தார். கால் சிரையை வெட்டி எடுத்து, அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றுவழி அமைக்கும் முறையை 1967-இல் அர்ஜென்டினா நாட்டு டாக்டர் ரெனே பவலோரோ அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் செய்து காட்டினார்.

இத்துறையில் தமிழகம் பின்தங்கியிருக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961-லேயே திறந்த இதய அறுவை நடந்தது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவையை 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் செய்தார். அன்று செய்தித்தாளில் வியப்போடு படிக்கப்பட்ட ஒன்று, இன்று ஒரு கூலித் தொழிலாளிக்கு மாவட்டத் தலைநகரங்களில் கிடைக்கிறது என்பது சிறிய வளர்ச்சி அன்று.

அழற்சி என்பது யாது?

முள் குத்திய விரல் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய அறிஞர் செல்சஸ் எழுதி வைத்தார். அழற்சி ஒரு நோயன்று. காயம்பட்ட இடத்துக்கு வெள்ளணுக்களை வரவழைத்து, கிருமியைக் கொன்று, சிதைந்த திசுவை அகற்றி, புதுத் திசு வளர இடம் செய்யும் உடலின் தற்காப்பு முறை அது. அழற்சி இல்லையேல் எந்தப் புண்ணும் ஆறாது.

விரலில் நடப்பது விரலோடு நின்றுவிடும். இதய அறுவையில் அவ்வாறன்று. நெஞ்செலும்பைப் பிளக்கிறார்கள், காலில் நெடுகக் கீறிச் சிரையை எடுக்கிறார்கள். இவை பெருங்காயங்கள். அடுத்து, எந்திரத்தின் பிளாஸ்டிக் குழாய்களைத் தொட்ட குருதி அதை அந்நியப் பொருளென்று கொள்கிறது. உடனே 'காம்ப்ளிமென்ட்' எனப்படும் புரதத் தொகுதி விழித்துக்கொள்கிறது, வெள்ளணுக்கள் சினம் கொள்கின்றன. மூன்றாவதாக, சிறிது நேரம் குருதியின்றி நிறுத்தி வைக்கப்பட்ட இதயத் தசைக்குள் மறுபடி குருதி பாயும்போது, வீரியம் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் தோன்றித் தசையைத் தாக்குகின்றன. எந்திரமின்றித் துடிக்கும் இதயத்திலேயே அறுவை செய்யும் முறையும் நம் நாட்டில் பரவலாக உண்டு. அம்முறையிலும் காயத்தால் வரும் அழற்சியைத் தவிர்க்க இயலாது.

இவற்றின் விளைவாக இன்டர்லூகின்-6 போன்ற தூதுப் பொருள்கள் குருதியில் பெருகுகின்றன. அத்தூது கிடைத்த கல்லீரல் சி-வினைப் புரதம் என்பதை உற்பத்தி செய்கிறது. அறுவைக்குப் பின் 2, 3 நாட்களில் இப்புரதம் உச்சத்தை அடைகிறது. பைபாஸ் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வரும் மேலறை நடுக்கமும் பெரும்பாலும் இதே நாட்களில்தான் வருகிறது. இவ்விரண்டும் ஒரே வேளையில் வருவதால், அழற்சியை அடக்கினால் நடுக்கத்தையும் தடுக்கலாம் என்ற எண்ணம் மருத்துவர்களுக்குத் தோன்றியது இயல்பே. என் தந்தைக்கு மூன்றாம் நாள் வந்தது இதுதான் என்று பின்னரே புரிந்துகொண்டேன்.

அழற்சியின் மூலப்பொருள்

இங்கேதான் நம் பாடமாகிய வேதியியல் நுழைகிறது. கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்களின் ஒரு சங்கிலி. அதன் ஒரு முனையில் கார்பாக்சில் தொகுதியும், மறுமுனையில் மெத்தில் தொகுதியும் உள்ளன. இடையில் இரட்டைப் பிணைப்பு இல்லையேல் நிறைவுற்ற அமிலம், இருந்தால் நிறைவுறா அமிலம். மெத்தில் முனையிலிருந்து எண்ணும்போது முதல் இரட்டைப் பிணைப்பு மூன்றாவது கார்பனில் தொடங்கினால் ஒமேகா-3 என்றும், ஆறாவது கார்பனில் தொடங்கினால் ஒமேகா-6 என்றும் பெயர். விளம்பரங்களில் மந்திரச் சொல்போல் ஒலிக்கும் 'ஒமேகா' என்பது இந்த எண்ணிக்கையே தவிர வேறன்று.

கொழுப்பு என்றால் எரிபொருள் மட்டுமே என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். ஜார்ஜ் பர் – மில்ட்ரெட் பர் என்ற அமெரிக்கத் தம்பதியர் 1929-இல் கொழுப்பே இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். எலிகளின் தோலும் வாலும் செதிள் செதிளாக உரிந்தன, வளர்ச்சி குன்றியது. லினோலியிக் அமிலம் கொடுத்தபோது அவை தேறின. நம் உடலால் ஆக்க முடியாத, உணவிலிருந்தே பெற வேண்டிய 'இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள்' உண்டு என்று அப்போது தெளிவாயிற்று.

லினோலியிக் அமிலத்திலிருந்து உடல் அராகிடோனிக் அமிலத்தை ஆக்குகிறது. இதில் 20 கார்பன்களும் 4 இரட்டைப் பிணைப்புகளும் உள்ளன. ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஈகோசாபென்டனோயிக் அமிலத்திலும் 20 கார்பன்களே உள்ளன, ஆனால் இரட்டைப் பிணைப்புகள் 5. சுருக்கமாக இதை ஈ.பி.ஏ. என்பர். 22 கார்பன்களும் 6 இரட்டைப் பிணைப்புகளும் கொண்டது டி.எச்.ஏ. இவை செல்களின் சவ்வில், பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகளின் நடுக் கரங்களில் கட்டுண்டு கிடக்கின்றன. செல்லுக்குக் காயம் நேர்ந்ததும் பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதி அக்கட்டை அறுத்து அமிலத்தை விடுவிக்கிறது. விடுபட்ட அராகிடோனிக் அமிலத்தைச் சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி பற்றினால் புராஸ்டாகிளாண்டின்களும் திராம்பாக்சேனும் பிறக்கின்றன. லிப்பாக்சிஜனேஸ் பற்றினால் லியூக்கோட்ரையீன்கள் பிறக்கின்றன. காய்ச்சலையும் வலியையும் உண்டாக்குவது புராஸ்டாகிளாண்டின். குருதித் தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது திராம்பாக்சேன். வெள்ளணுக்களை அழைத்து வருவது லியூக்கோட்ரையீன்.

இதே நொதிகளின் கையில் ஈ.பி.ஏ. சிக்கினாலும் இத்தகைய பொருள்கள் உண்டாகின்றன, ஆனால் அவற்றின் வேகம் குறைவு. அன்றியும், ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டிலிருந்தும் அழற்சியை முடித்து வைக்கும் ரிசால்வின் போன்ற பொருள்கள் தோன்றுகின்றன என்பதை அமெரிக்க அறிஞர் சார்லஸ் செர்ஹான் குழுவினர் 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கண்டறிந்தனர். அழற்சி என்பது எண்ணெய் தீர்ந்த விளக்குப்போல் தானே அணைவதன்று. உடல் முயன்று அணைப்பது என்பது இதனால் விளங்கியது. மூட்டுவதற்கும் அணைப்பதற்கும் வேண்டிய பொருளைத் தருவது கொழுப்பு அமிலமே.

ஆய்வகத்தில் நாம் செய்த மருந்து

நம் கரிம வேதியியல் செய்முறை வகுப்பில் சாலிசிலிக் அமிலத்தையும் அசெட்டிக் அன்ஹைட்ரைடையும் சேர்த்து, ஓரிரு துளி அமிலம் விட்டுச் சூடாக்கி, குளிர்ந்த நீரில் கொட்டி, வெண்ணிறப் படிகங்களை வடிகட்டி எடுத்தோம் அல்லவா? அதுவே ஆஸ்பிரின். உருகுநிலை சரியாக வந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கினோம்.

என் தந்தை வீடு திரும்பியபோது தந்த மருந்துச் சீட்டில் ஆஸ்பிரின் இருந்தது. ஆஸ்பிரின் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை 1971-இல் இலண்டனில் ஜான் வேன் விளக்கினார். ஆஸ்பிரின் தன்னிடமுள்ள அசெட்டைல் தொகுதியைச் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியின் மீது நிலையாக ஒட்டிவிடுகிறது. அதன்பின் அராகிடோனிக் அமிலம் அந்நொதிக்குள் நுழைய முடியாது. குருதித் தட்டுகளுக்கு உட்கரு இல்லாமையால் அவற்றால் புது நொதியை ஆக்கிக்கொள்ள இயலாது. தட்டின் ஆயுளாகிய 8 முதல் 10 நாட்கள் வரை அது செயலற்றே இருக்கும். இதனால் புதிதாகத் தைத்த சிரையில் குருதி உறைவது குறைகிறது. அச்சிறு மாத்திரையைத் தினமும் தவறாமல் போடச் சொல்வதன் காரணம் இதுவே. இத்துறை ஆய்வுக்காக வேனுக்கும், சுவீடன் நாட்டுப் பெர்க்ஸ்ட்ராம், சாமுவேல்சன் ஆகியோருக்கும் 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கொழுப்பு அமிலப் பாதையில் ஓரிடத்தைத் தடுத்தால் நோயாளிக்கு நன்மை உண்டு என்பதற்கு ஆஸ்பிரின் சிறந்த சான்று. அப்படியானால், மூலப்பொருளையே மாற்றினால் என்ன? அராகிடோனிக் அமிலத்தின் இடத்தில் ஈ.பி.ஏ.வை நிரப்பிவிட்டால் அழற்சி தணியாதா? மாமா கொண்டுவந்த புட்டியின் பின்னால் இருந்த வாதம் இதுவே. கேட்பதற்கு மிகப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆகவே அது சோதிக்கப்பட்டது.

சோதனை சொன்ன தீர்ப்பு

டென்மார்க் நாட்டு அறிஞர்கள் பாங், டயர்பெர்க் இருவரும் 1970-களில் கிரீன்லாந்து சென்று, சீல், திமிங்கிலம், மீன் ஆகியவற்றை உண்டு வாழும் இன்யூட் மக்களின் குருதியை ஆராய்ந்தனர். அதில் அராகிடோனிக் அமிலம் குறைவாகவும் ஈ.பி.ஏ. மிகுதியாகவும் இருந்தது. அம்மக்களுக்கு இதயநோய் குறைவு என்பதற்கு இதைக் காரணம் காட்டினர். அங்கே இதயநோய் மெய்யாகவே அத்துணை அரிதா என்ற ஐயம் பின்னாளில் எழுந்தது உண்மை. ஆயினும் மீன் எண்ணெய் ஆராய்ச்சி அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது.

இத்தாலியில் பைபாஸ் நோயாளிகள் 160 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2005-இல் வெளிவந்தது. மீன் எண்ணெய் அமிலங்கள் பெறாதவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு மேலறை நடுக்கம் வந்தது. பெற்றவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கே வந்தது. பாதிக்கும் மேல் குறைவு! ஆனால் இந்த ஆய்வில் ஒரு குறை இருந்தது. மருந்து பெறாதவர்களுக்கு அதைப் போன்ற போலி மாத்திரை எதுவும் தரப்படவில்லை. யார் எந்தக் குழு என்பது தெரிந்த நிலையில் நடந்த ஆய்வு அது.

ஐஸ்லாந்தில் இக்குறையை நீக்கி, ஒரு குழுவுக்கு மீன் எண்ணெயும் மற்றொரு குழுவுக்கு ஆலிவ் எண்ணெயும் ஒரே தோற்றமுடைய மாத்திரைகளில் கொடுத்தனர். 2010-இல் முடிவு வெளிவந்தது. நடுக்கம் வந்தவர்கள் ஒரு குழுவில் நூற்றுக்கு 54.2, மற்றதில் 54.1.

அதன்பின் அமெரிக்கா, இத்தாலி, அர்ஜென்டினா ஆகிய 3 நாடுகளின் 28 மருத்துவமனைகளில் இதய அறுவை செய்துகொண்ட 1516 பேரிடம் 'ஓபரா' என்ற பெரிய ஆய்வு நடந்தது. அறுவைக்குச் சில நாட்கள் முன்பே கூடுதல் அளவில் மீன் எண்ணெய் தொடங்கி, பின்னரும் நாளுக்கு 2 கிராம் கொடுத்தனர். மாற்றுக் குழுவுக்கு ஆலிவ் எண்ணெய். நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2012-இல் வெளியான முடிவைப் பாருங்கள். மீன் எண்ணெய் பெற்ற 758 பேரில் 227 பேருக்கு நடுக்கம் வந்தது. ஆலிவ் எண்ணெய் பெற்ற 758 பேரில் 233 பேருக்கு வந்தது. அதாவது நூற்றுக்கு 30.0 என்றும் 30.7 என்றும் கணக்கு. வேறுபாடு இல்லை என்றே இதற்குப் பொருள். அமிலங்கள் குருதியில் ஏறவில்லையோ என்றும் ஐயுற இடமில்லை. அவை ஏறியிருந்ததை அளந்து உறுதி செய்திருந்தனர்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. அறுவை செய்யாத மக்களிடையே மீன் எண்ணெய் பற்றி நடந்த 7 ஆய்வுகளை ஒன்று சேர்த்து, 81,000-க்கும் மேற்பட்டோரின் கணக்கை 2021-இல் வெளியிட்டனர். மீன் எண்ணெய் உண்டவர்களுக்கு மேலறை நடுக்கம் வரும் வாய்ப்பு குறையவில்லை. நூற்றுக்கு 25 பங்கு கூடியே இருந்தது! நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் உண்டவர்களிடம் இது இன்னும் அதிகம். எதைத் தடுக்கும் என்று நம்பி வாங்குகிறோமோ, அதையே வரவழைக்கக்கூடும் என்றல்லவா ஆகிறது? இதனால் ஈ.பி.ஏ.வுக்கு மருத்துவப் பயனே இல்லை என்றும் கொள்ளலாகாது. தூய்மைப்படுத்திய ஈ.பி.ஏ. எஸ்டரை நாளுக்கு 4 கிராம் வீதம், குருதியில் டிரைகிளிசரைடு மிகுந்த நோயாளிகளுக்குக் கொடுத்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில் மாரடைப்பு முதலியவை குறைந்தன. அந்த ஆய்விலும் மேலறை நடுக்கம் கூடியது. அது மருத்துவர் எழுதித்தரும் மருந்து. கடையில் கேட்டு வாங்கும் புட்டி அதற்கு ஈடாகாது.

வேதியியல் சரியாக இருந்தும் மருத்துவம் ஏன் பொய்த்தது? இரண்டு காரணங்களை எண்ணிப் பார்க்கலாம். அழற்சிக்குப் பாதை ஒன்றன்று. காம்ப்ளிமென்ட், இன்டர்லூகின், ஆக்சிஜன் மூலக்கூறுகள் எனப் பல வாயில்கள் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும்போது ஒரு வாயிலைச் சற்றுச் சாத்தினால் போதாது. மேலும், அழற்சி முழுவதும் பகையன்று, புண்ணை ஆற்றுவதும் அதுவே. மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, அழற்சியை மீன் எண்ணெயை விடப் பன்மடங்கு வலிமையாக அடக்குவது. அதை இதய–நுரையீரல் எந்திரத்தில் அறுவை செய்துகொண்ட 7507 பேரிடம் 18 நாடுகளில் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டனர். அதனாலும் இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

நம் ஊர் எண்ணெய்கள்

இனி அம்மாவின் கேள்விக்கு வருவோம். எண்ணெயைப் பார்த்து ஊற்றியிருக்க வேண்டுமா?

திண்டுக்கல் சமவெளியின் மானாவாரி நிலங்களில் நிலக்கடலை விளைகிறது. ஆகவே கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் நமக்குப் பரம்பரை எண்ணெய்கள். இவற்றோடு ரேஷன் கடைப் பாமாயிலும், பாக்கெட்டில் வரும் சூரியகாந்தி எண்ணெயும் நம் சமையலறைக்குள் வந்துவிட்டன. கடலெண்ணெயில் ஏறத்தாழ பாதி ஒலியிக் அமிலம். லினோலியிக் அமிலம் நூற்றுக்கு 30 அளவில் உண்டு. நல்லெண்ணெயில் இவ்விரண்டும் ஏறத்தாழ சமம், ஒவ்வொன்றும் நூற்றுக்கு 40-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் அமிலம் ஏறத்தாழ 60. பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற அமிலம். தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு 90 அளவில் நிறைவுற்றவையே. தேங்காயெண்ணெயின் அயோடின் எண் 10-ஐ ஒட்டி இருப்பதும், கடலெண்ணெயின் அயோடின் எண் 90-ஐ ஒட்டி இருப்பதும் இதனால்தான். பியூரெட்டில் நாம் அளந்த எண்ணுக்கு இதுவே பொருள்.

இந்த எண்ணெய்கள் எதிலும் ஒமேகா-3 குறிப்பிடும் அளவில் இல்லை. ஒமேகா-6 அதிகம் என்பதால் இவை அழற்சியை மூட்டும் என்று சிலர் எழுதுகின்றனர். ஆனால் மனிதர்களிடம் நடத்திய ஆய்வுகளில், லினோலியிக் அமிலம் கூடுதலாக உண்டவர்களின் குருதியில் அழற்சியின் அடையாளங்கள் உயரக் காணவில்லை. உடல் தனக்கு வேண்டிய அராகிடோனிக் அமிலத்தை அளவோடுதான் ஆக்கிக்கொள்கிறது. எனவே கடலெண்ணெய் ஊற்றிச் சமைத்ததால் அறுவைக்குப் பின் அழற்சி வந்தது என்பது தவறு. அம்மாவின் மேல் குற்றம் இல்லை.

ஒமேகா-3 வேண்டுவோர்க்கு வழிகள் உண்டு. ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேலும், கடுகெண்ணெயில் நூற்றுக்கு 10 அளவிலும் ஆல்பா லினோலெனிக் அமிலம் உள்ளது. ஆனால் அதில் ஒரு சிறு பங்கே உடலில் ஈ.பி.ஏ.வாக மாறும். டி.எச்.ஏ.வாக மாறுவது அதனினும் குறைவு. மீன் உண்பவர்களுக்கு மத்தி, அயிலை, நெத்திலி ஆகிய விலை மலிந்த கடல் மீன்களே போதும். கடலில்லாத நம் ஊரில் நெத்திலி பெரும்பாலும் கருவாடாகத்தான் கிடைக்கிறது. கருவாட்டில் உப்பு மிகுதி; இதயநோயாளிக்கு அது ஆகாது. ஆகவே பச்சை மீனைக் குழம்பு வைத்து உண்பதே நன்று. எந்த எண்ணெயானாலும் அளவோடு ஊற்ற வேண்டும். ஒரே எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சக் கூடாது. காயக் காய நிறைவுறா அமிலங்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெடுகின்றன. பலகாரச் சட்டியில் எண்ணெய் கறுத்துப் பிசுபிசுப்பதை நாம் கண்ணால் காணலாம்.

முடிவுரை

அன்று மருத்துவமனை வராந்தாவில் எனக்கு இவையெல்லாம் தெரியாது. "டாக்டரைக் கேக்காம குடுக்க வேணாம் மாமா" என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்லும்போதே, இதற்குத்தானா இரண்டு வருடம் படித்தோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இன்று எண்ணிப் பார்க்கும்போது அந்த விடை சரியானது என்றே தோன்றுகிறது. அன்று எனக்குத் தெரியாமல் இருந்தது அதற்கான காரணம்தான்.

மருந்தினால் தந்தையின் நாடி இரண்டாம் நாளே ஒழுங்குக்கு வந்தது. அறுவையான ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். மறு பரிசோதனைக்குப் போனபோது புட்டியை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். "இது தேவையில்லை. எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஒரு நாளும் விடாமல் போடச் சொல்லு" என்றவர், தந்தையைப் பார்த்து, "பீடி எத்தனை வருஷமா?" என்று கேட்டார். தந்தை தலை குனிந்தபடி, "முப்பது வருஷம் இருக்கும் சார்" என்றார்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாங்கள் அனைவரும் எண்ணெயில் குற்றம் தேடினோம். பீடியைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எண்ணெயின் மேல் பழி போட்டால் யாருக்கும் வருத்தமில்லை. ஒரு புட்டி வாங்கினால் பரிகாரமும் ஆகிவிடும். பீடியைச் சொன்னால் அவரைக் குறை கூறியதாகும். சுருட்டுக்கும் புகையிலைக்கும் பேர் போன இந்த ஊரில் அதை ஒரு குறையாக நினைத்துப் பார்க்கும் வழக்கமும் நமக்கு இல்லை. இதயத் தமனியைக் கெடுப்பதில் புகையிலைக்கு உள்ள பங்கு ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்ட ஒன்று. தந்தை இப்போது பீடியை விட்டுவிட்டார். மூட்டை சுமப்பதில்லை, மில்லிலேயே எடை போடும் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். மாமாவுக்கும் மனவருத்தமில்லை.

என்னைப் போல் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த தோழியர் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு நாள் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். உரம் வாங்குவதா, மருந்து வாங்குவதா, சீட்டுக் கட்டுவதா என்று கேட்பார்கள். படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. 'இதில் இந்த அமிலம் இருக்கிறது, ஆகவே இது நல்லது' என்று சொல்வது எளிது. அது பாதி அறிவியல்தான். 'இதை எத்தனை பேரிடம், எவ்வாறு சோதித்தார்கள், முடிவு என்ன?' என்று அடுத்துக் கேட்பதே மீதிப் பாதி. விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்தவரைத் தேடிப் போவதும் படிப்பின் பயனே ஆகும்.

மாமா கொண்டுவந்த புட்டி இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் மூடி திறக்காமல் இருக்கிறது.